ஜெராக்ஸ் எடுத்தா பாட்டு பொழைச்சுடுமா?

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் போட்டாச்சு தம்பி, இனிமே ஒண்ணும் தொலையாது."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கடந்த ரெண்டு வருஷத்துல வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் குறைஞ்சது நாலு கொயர் மாஸ்டருங்க வாயால கேட்டுட்டேன். (யாரு, எந்தச் சபைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லாரும் நல்ல மனுஷங்க. நான் திட்டப்போறது பழக்கத்தை, ஆளை இல்லை.)

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. சங்கீதம் தெரியாதவங்களும் தைரியமாப் படிக்கலாம். எழுத்துருச் சண்டையெல்லாம் ஞாபகம் இருக்கிற மூத்த பதிவர்கள் கட்டாயம் படிக்கணும். ஏன்னு போகப்போகப் புரியும்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: நம்ம ஊர்ச் சபைகள்ல பாடற நாலு பார்ட் தமிழ்ப் பாட்டுகளை ஸ்கேன் பண்ணி வெச்சா மட்டும் அது பிழைக்காது. அதை டெக்ஸ்ட்டா தட்டச்சு செஞ்சு வைக்கணும். ஏன்னா அந்தப் பாட்டுல முக்கியமான ஒரு சமாச்சாரம் எந்தத் தாள்லயும் கிடையாது. சில வயசானவங்க தொண்டையில மட்டும்தான் இருக்கு. தொண்டையை ஸ்கேன் பண்ண முடியாது.

முதல்ல ஒரு சின்ன முன்னுரை

சபைப் பக்கம் போகாதவங்களுக்காக. தமிழ்ச் சபைகள்ல முக்கியமா ரெண்டு விதமான பாட்டு உண்டு. ஒண்ணு கீர்த்தனை. ராகம், தாளம், பல்லவி, சரணம்னு நம்ம பாணி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மாதிரி பெரியவங்க எழுதினது. இன்னொண்ணு பாமாலை. லுத்தரன் சபைகள்ல ஞானப்பாட்டும்பாங்க. மெட்டு மேல்நாட்டுது, வார்த்தை தமிழ், பாடறது நாலு குரல்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். நாலு கோஷ்டியும் ஒரே சமயத்துல நாலு வேற ஸ்வரம் பாடும், வார்த்தை மட்டும் ஒண்ணு. நான் பேசப்போறது இந்த ரெண்டாவது வகை பத்தி. (அடியேன் டெனர். குரல் சுமார்தான், ஆனா டெனருக்கு எல்லா ஊர்லயும் ஆள் பஞ்சம், அதனால துரத்த மாட்டாங்க :-))

இதை "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன மிச்சம்"னு ஒதுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பாருங்க. வேலூர்ப் பக்கம் வந்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். 1853-ல ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கினது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கின ஐடா ஸ்கடர் அதே குடும்பம்தான். அவங்க ரிஃபார்ம்டு சபை, அதாவது ஜெனீவாவுல கால்வின் வழி வந்தவங்க. அந்த வழியோட பெரிய சொத்து ஜெனீவா சங்கீதப் புத்தகம். 1551-ல அதுல வந்த ஒரு மெட்டு, லூயி பூர்ஷ்வா அமைச்சதா சொல்றது, 'ஓல்ட் ஹண்ட்ரட்த்'ங்கிற பேர்ல உலகம் பூரா சுத்திடுச்சு. கேட்டா நீங்களே "அட, இதுவா!"ம்பீங்க.

ஆம்பூர்ப் பக்கம் கதை வேற. அங்க வந்தது மிசோரி லுத்தரன் மிஷன். 1895-ல கிருஷ்ணகிரியில ஆரம்பிச்சு இந்தப் பக்கம் பரவினது. பெத்தேஸ்தா ஆஸ்பத்திரி, கன்கார்டியா ஸ்கூல் எல்லாம் அந்த வழிதான். அவங்க சொத்து மார்ட்டின் லூத்தர் காலத்து கோரல் மெட்டுகள். 1520-களோட கடைசியில லூத்தர் போட்ட 'ஐன் ஃபெஸ்டே பூர்க்' அதுல தலையாயது.

வேலூர்லேர்ந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர். இந்த அம்பது கிலோமீட்டருக்குள்ள, பாலாத்தங்கரையில, 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவோட ரெண்டு பெரிய இசை மரபும் தமிழ்ல பாடப்படுது. லண்டன்ல 'எர்லி மியூசிக்'னு பேர் வெச்சு டிக்கெட் போட்டுக் கேக்கற காலத்து மெட்டை, இங்க ஷூ கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த ஒரு மனுஷன் பேஸ் பார்ட்டாப் பாடிட்டுப் போறார். இதைச் சாதாரணம்னு நினைக்கறவங்களை என்ன சொல்றது?

ரெண்டு புத்தகம், நடுவுல ஒரு ஓட்டை

இப்ப சண்டைக்கு வரேன்.

கொயர்ல என்ன இருக்கு? ஒரு வார்த்தைப் புத்தகம். முழுக்கத் தமிழ், கவிதை மாதிரி வரி வரியா. அதுல ஒரு நோட்டு கூடக் கிடையாது, பாட்டுக்கு மேல மெட்டோட பேரோ அளவோ இருக்கும். 8.8.8.8, 8.6.8.6ன்னு, ஒரு வரிக்கு எத்தனை அசைங்கிற கணக்கு. இன்னொண்ணு மெட்டுப் புத்தகம். அதுல அஞ்சு கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன், நாலு பார்ட்டும் இருக்கும். ஆனா தமிழ் இருக்காது. வார்த்தை இருந்தா அது இங்கிலீஷா இருக்கும்.

ரெண்டையும் ஸ்கேன் பண்ணியாச்சு. சந்தோஷம். இப்ப சொல்லுங்க, எந்தத் தமிழ் எழுத்து எந்த நோட்டுல உக்காரும்?

"அதான் எட்டு அசைக்கு எட்டு நோட்டு, நேரா வெச்சுக்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க ஒரு தடவை பாடிப் பார்க்கணும். இங்கிலீஷ் பாட்டு நிறைய, வீச்சு இல்லாத தட்டுல ஆரம்பிச்சு அடுத்த அசையில அழுத்தம் வாங்கும். தமிழ்ல அழுத்தம் சொல்லோட முதல்லயே விழும். 'கர்த்தர்'ங்கிற சொல்லை அப்படியே அந்த மெட்டுல போட்டா, 'கர்த்' பலவீனமான தட்டுல போய், 'தர்' சம்மட்டி அடியில விழும். கேக்கச் சகிக்காது. குறில் வர்ற இடத்துல நீளமான நோட்டு, நெடில் வர்ற இடத்துல குட்டி நோட்டுன்னு இன்னொரு தலைவலி. மூணாவது சரணத்துல ஒரு அசை கூடிப்போகும். அஞ்சாவதுல ஒண்ணு குறையும்.

இதையெல்லாம் நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா பாடிப்பாடிச் சரிபண்ணி வெச்சிருக்காங்க. ஒரு கால் நோட்டை ரெண்டா உடைச்சு ரெண்டு அசையை அதுல அடைக்கறது, ரெண்டு நோட்டை ஒரே நெடிலுக்குக் கொடுத்து இழுக்கறது, 'க்கு'ல முடியற சொல்லோட உகரத்தை முழுங்கிட்டு அடுத்த உயிரோட சேர்த்துடறது. முழு தமிழ் இலக்கணமும் சங்கீதமும் சேர்ந்த வேலை இது. ஒருத்தர் கூட இதை எழுதி வைக்கலை.

எங்க பக்கம் ஒரு ஆல்ட்டோ பாட்டி இருக்காங்க, எண்பது தாண்டியாச்சு. ஒரு பாட்டோட நாலாவது சரணம் எப்படி உக்காருதுன்னு கேட்டேன். கண்ணை மூடிப் பாடிக் காட்டினாங்க. கச்சிதம். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"ன்னேன். "புத்தகத்துல எங்க இருக்கு, வாயில இருக்கு"ன்னாங்க. அவங்களோட சேர்ந்து பாடினவங்க நாலு பேரா குறைஞ்சு இப்ப ரெண்டு பேர்.

ஸ்கேனர்காரர் இதுக்கு என்ன பதில் வெச்சிருக்கார்?

செருப்பா, பேட்டர்னா?

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷூ கம்பெனியில மதிப்பு எதுக்கு, ஷெல்ஃப்ல இருக்கிற ஷூவுக்கா, பேட்டர்னுக்கா? ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் இருந்தா கிரேடிங் பண்ணி மத்த எல்லா சைஸும் வெட்டலாம். ஹீல் மாத்தலாம், அப்பர்ல ஒரு பீஸ் சேர்க்கலாம். முடிஞ்ச ஷூவை மட்டும் கையில கொடுத்து "8-ம் நம்பரை 10 ஆக்கு"ன்னா பேட்டர்ன் மாஸ்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிரிச்சுப் போட்டு மறுபடி வரையணும்.

ஸ்கேன் பண்ண பிடிஎஃப் முடிஞ்ச ஷூ. பாக்கலாம், மாட்டிக்கலாம், அவ்வளவுதான். சொப்ரானோ குரலுக்கு மெட்டு உசரமா இருக்கு, ஒரு சுரம் இறக்கணுமா? முடியாது. ஆல்ட்டோ பார்ட் மட்டும் தனியா வேணுமா? கத்தரிக்கோல் எடுங்க. கண் மங்கின பெரியவருக்குப் பெரிய எழுத்துல வேணுமா? ஏ3 ஜெராக்ஸ், அதுல நோட்டோட தலை எது, தூசி எதுன்னு தெரியாது. ஜெராக்ஸோட ஜெராக்ஸோட ஜெராக்ஸ்ல ஒரு ஷார்ப் குறி அழிஞ்சு போய், ஒரு கொயர் வருஷக்கணக்கா தப்பான ஸ்வரத்தையே பக்தியோட பாடினதை நான் காதால கேட்டிருக்கேன்.

நமக்குத் தேவை பேட்டர்ன். பாட்டோட பேட்டர்ன்.

அதுக்குப் பேர் லில்லிபாண்ட்

லில்லிபாண்ட்ங்கிறது ஒரு கட்டற்ற மென்பொருள். 1996-ல ஹான்-வென் நின்ஹய்ஸ், யான் நியூவன்ஹைசன்னு ரெண்டு நெதர்லாந்துக்காரங்க ஆரம்பிச்சது. காசு கிடையாது. க்னூ திட்டத்தோட பகுதி. மவுஸால நோட்டை இழுத்து இழுத்துக் கோட்டுல வைக்கற வேலையே இதுல இல்லை. ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல தட்டறீங்க, அது அச்சுக்குத் தயாரா பிடிஎஃப் கொடுக்குது. ஹெச்டிஎம்எல் எழுதி வலைப்பூ டெம்ப்ளேட்டை நோண்டினவங்களுக்கு இது ஜுஜுபி.

எப்படின்னா, ஸ்வரத்துக்கு ஒரு எழுத்து, பக்கத்துல காலத்துக்கு ஒரு எண். 4ன்னா கால் நோட்டு, 2ன்னா அரை நோட்டு. அடுத்த நோட்டுக்குக் காலம் மாறலைன்னா எண்ணே போட வேண்டாம். நாலு குரலை நாலு தனி வரியா எழுதறீங்க. ஒரே கோட்டுல சொப்ரானோவுக்குக் காம்பு மேல, ஆல்ட்டோவுக்குக் கீழன்னு பிரிச்சு, முட்டிக்காம நகர்த்தி வைக்கறதை அதுவே பார்த்துக்கும். இந்தப் பல குரல் வேலையிலதான் மவுஸ்காரங்க நாக்குத் தள்ளும். லில்லிபாண்ட் ஆளுங்க பழைய கையால செதுக்கின தகடுகளைப் பக்கத்துல வெச்சு, பேரன்ரைட்டர் 1950-ல போட்ட பாக் செல்லோ பதிப்பைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. வந்து விழற தாள் அழகா இருக்கும், நான் பொறுப்பு.

பழைய மெட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. லூத்தர் காலத்துல 'ஐன் ஃபெஸ்டே பூர்க்' தாளம் தாண்டிக் குதிக்கற மெட்டு. பின்னாடிதான் எல்லா நோட்டையும் சமமாத் தட்டி, பாக் காலத்துல நாம கேக்கற நடைக்கு வந்துது. ரெண்டு வடிவமும் இன்னிக்கும் லுத்தரன் பாட்டுப் புத்தகங்கள்ல இருக்கு. பழைய வடிவத்தை நம்ம காலத்து 4/4 கட்டத்துல அடைச்சா மூச்சு முட்டும். லில்லிபாண்ட்ல பார் கோட்டை எடுத்துட்டு, வரி முடிவுல மட்டும் ஒரு சின்னக் கோடு போடலாம். வேணும்னா 16-ம் நூற்றாண்டு வைர வடிவ நோட்டுலயே அச்சடிக்கலாம்.

அடுத்து வார்த்தை. இதுதான் நம்ம விஷயம். வார்த்தையைத் தனி வரியா, யூனிகோடு தமிழ்லயே தட்டலாம். 2005-ல வந்த 2.6 பதிப்புலேர்ந்து யூனிகோடு உண்டு. கொம்பு, துணைக்கால் எல்லாம் உடையாம வருது. அசைக்கும் அசைக்கும் நடுவுல ரெண்டு கழிக்குறி. ஒரு அசை ரெண்டு நோட்டுக்கு இழுத்தா ஒரு அடிக்கோடு. அவ்வளவுதான் இலக்கணம். ஒரு அசை கூடிப்போச்சுன்னா அடுத்த வார்த்தை எல்லாம் ஒரு நோட்டு தள்ளி நிக்கும், கண்ணுல அடிக்கும். அதாவது பாட்டி வாயில இருந்த முடிவை நீங்க எழுதியே ஆகணும், மழுப்ப முடியாது. எனக்கு இந்த மென்பொருளைப் பிடிச்சதுக்கு முக்கியக் காரணமே இந்தக் கண்டிப்புதான்.

தமிழுக்குக் கிடைச்ச லாட்டரி

இங்கிலீஷ் வார்த்தையை அசை பிரிக்க அகராதியும் விதிவிலக்குப் பட்டியலும் வேணும். தமிழுக்கு மூணு விதி போதும்:

1. புள்ளி இல்லாத எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு புது அசையை ஆரம்பிக்கும்.
2. புள்ளி வெச்ச எழுத்து முன்னாடி அசையோட ஒட்டிக்கும்.
3. சொல்லோட முதல்லயே புள்ளி எழுத்து வந்தா அது பின்னாடி எழுத்தோட சேரும்.

கர்த்-தர். இ-ரட்-ச-கர். ப-ரி-சுத்-த. மூணாவது விதிக்கு உதாரணம் ஸ்தோத்-தி-ரம். முடிஞ்சது. (யாப்பு தெரிஞ்சவங்க கவனிக்க: இது நேர், நிரை கணக்கு இல்லை. 'பரி' யாப்புல ஒரு நிரையசை, பாட்டுல ரெண்டு நோட்டு.) ஒரு பத்து வரி நிரல் எழுதினா முழுப் பாமாலையோட வார்த்தையையும் ஒரு நொடியில பிரிச்சுக் கொடுத்துடும். யூனிகோடு குறியீட்டு எண்ணை வெச்சு வெட்டாம முழு எழுத்தா எடுத்து வெட்டணும், இல்லாட்டி துணைக்கால் தனியா அனாதையா நிக்கும். அது ஒண்ணுதான் கவனம்.

உலகத்துல எத்தனை மொழிக்கு இந்த அதிர்ஷ்டம்? வெச்சுக்கிட்டு நாம ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கறோம்.

சரி, இனிமே உங்க கேள்விகள்

நான் இதைச் சொன்னப்பல்லாம் எதிர்ல வந்த வாதங்களை வரிசையா எடுத்துக்கறேன்.

"கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு மட்டும்தான் இது சரிப்படும்." வேலூர்லயும் ஆம்பூர்லயும் எந்த டிடிபி சென்டருக்கு வேணும்னாலும் போங்க. பாமினி எழுத்துருவுல, கீபோர்டைப் பார்க்காம, கல்யாணப் பத்திரிகையைப் பத்து நிமிஷத்துல அடிச்சுக் கொடுக்கற ஆளுங்க இருக்காங்க. அவங்க தலையில இருக்கிறது லில்லிபாண்டை விடக் கஷ்டமான குறியீடு. ஒரு கொயருக்கு ஒரு ஆள் போதும். எனக்கே ஒரு பாட்டோட நாலு பார்ட்டும் தட்ட ஒரு மணி நேரம்தான் ஆகுது.

"ஃபினாலே, சிபேலியஸ் மாதிரி பெரிய சாஃப்ட்வேர் இருக்கே." இருந்துது. ஃபினாலே 1988-ல வந்து, உலகத்துல பாதி இசைக்காரங்க அதுல எழுதி, 2024 ஆகஸ்ட்ல அதோட கம்பெனி "இனி மேம்பாடு கிடையாது"ன்னு அறிவிச்சுடுச்சு. 35 வருஷத்து ஃபைல்களை வெச்சுக்கிட்டு எல்லாரும் வேற வடிவத்துக்கு மாத்த ஓடினாங்க. சிபேலியஸோட லண்டன் குழுவை அதோட கம்பெனி 2012-லயே கலைச்சுது. மூத்த பதிவர்களே, இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இல்லை? பாமினி, டிஸ்கி, டாம், டாப்... ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு, ஃபைலைத் திறந்தா இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. பேஜ்மேக்கரோட கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல வந்தது. அதுல அடிச்ச சபை ஆண்டு மலர்களை இன்னிக்குத் திறக்கறதுக்குள்ள தாவு தீருது. நீங்க மாங்கு மாங்குன்னு சண்டை போட்டு யூனிகோடுக்குக் கொண்டு வந்தீங்களே, அதனாலதான் நீங்க அன்னிக்கு எழுதின பதிவு இன்னிக்கும் தேடினா கிடைக்குது. அந்த நியாயம் இசைக்கும் பொருந்தாதா?

"மியூஸ்ஸ்கோர் இலவசம்தானே?" நியாயமான கேள்வி. நல்ல மென்பொருள், கட்டற்றது, மியூசிக்எக்ஸ்எம்எல்லா ஏற்றுமதி பண்ணலாம். மவுஸ்தான் வேணும்னா அதையே பயன்படுத்துங்க, சண்டை போட மாட்டேன். ஆனா ஒரு நோட்டை மாத்தினா அந்த எக்ஸ்எம்எல்ல என்ன மாறிச்சுன்னு மனுஷன் படிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. லில்லிபாண்ட் ஃபைல்ல ஒரு வரி மாறினா ஒரு வரிதான் மாறும். வேலூர்ச் சபை ஒரு மாதிரியும் ஆம்பூர்ச் சபை ஒரு மாதிரியும் பாடினா, ரெண்டையும் பக்கத்துல வெச்சு எந்த அசையில பிரியறாங்கன்னு பார்த்துடலாம். கிட்ல போட்டா யார், எப்ப, ஏன் மாத்தினாங்கன்னு சரித்திரமே இருக்கும். லில்லிபாண்ட்லயும் தொல்லை இல்லாம இல்லை. புதுப் பதிப்பு வர்றப்ப இலக்கணம் கொஞ்சம் மாறும், அதுக்குன்னு ஒரு மாற்றி கூடவே வருது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனா திட்டிக்கிட்டே இருக்கும். நாம ஆஃபீஸ்ல வாங்காத திட்டா?

"காப்பிரைட் வந்துடும்." எதுக்கு? 1551-ல செத்துப்போன உரிமைக்கா? :-) இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம். 16-ம் நூற்றாண்டு மெட்டுக்கும், 1791-ல இறந்த ஃபப்ரீசியஸ் ஐயர் ஜெர்மன்லேர்ந்து தமிழாக்கின ஞானப்பாட்டுக்கும் யாரும் கேஸ் போட முடியாது. சமீப காலத்துப் பாட்டை எடுத்தா அனுமதி கேளுங்க, அதுல நான் கறார்.

"நம்ம மண்ணுக்கு சம்பந்தமில்லாத சங்கீதத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?" இதுதான் எனக்கு நிஜமாவே கோபம் வர்ற கேள்வி. சீகன்பால்க் தரங்கம்பாடியில இறங்கினது 1706. தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சானது 1715. முந்நூறு வருஷமா தமிழ் வாய் பாடின பாட்டு தமிழ்ப் பாட்டு இல்லையா? தன்ராஜ் மாஸ்டர் கிட்ட ஸ்டாஃப் நொட்டேஷன் கத்துக்கிட்ட இளையராஜா 2025 மார்ச்ல லண்டன்ல சிம்பொனி அரங்கேற்றினப்ப நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். அப்ப மட்டும் அது நம்ம இசை, கொயர் பாட்டுன்னா அந்நியமா?

நமக்கு முன்னாடி பட்டவங்க

நொட்டேஷன்ல எழுதறது நம்ம மரபுக்குப் புதுசும் இல்லை. 1893-ல சென்னையில சின்னசாமி முதலியார் கர்நாடக சங்கீதக் கிருதிகளையே ஸ்டாஃப் நொட்டேஷன்ல அச்சடிச்சார். 1904-ல எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதரோட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்துது. கமகத்துக்குன்னே தனிக் குறிகள் வெச்சு அச்சடிச்ச நூல். அது வெளிய வர சின்னசாமி முதலியாரோட வற்புறுத்தலும் ஒரு காரணம். ஒவ்வொரு குறிக்கும் ஈய எழுத்து வேணும், அச்சுக் கோக்க ஆள் வேணும், காசு கொடுக்க எட்டயபுரம் சமஸ்தானம் வேணும். அவங்களுக்கு இருந்த கஷ்டத்துல நூத்துல ஒண்ணு கூட நமக்கு இல்லை. நமக்கு வேண்டியது ஒரு பழைய லேப்டாப்.

எழுதாம விட்டா என்ன ஆகும்னு தெரியணுமா? கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில 1540 வாக்குல எழுதின கையெழுத்துப் பகுதிப் புத்தகங்கள் இருக்கு. அந்தக் காலத்துல ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம், நம்ம கொயர்ல ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் வெச்சிருக்கிற மாதிரியே. அதுல டெனர் புத்தகம் முழுசா தொலைஞ்சு போச்சு, மேல் குரல்லயும் சில பக்கம் போச்சு. ஒரு டெனரா நெஞ்சு கனக்குது. அதுல இருக்கிற நிறையப் பாட்டு வேற எங்கயும் கிடையாது. நிக் சாண்டன்னு ஒரு ஆய்வாளர் பல வருஷம் உக்காந்து, காணாமப்போன குரல் இப்படி இருந்திருக்கும்னு ஊகிச்சு எழுதினார். மத்த குரல்கள் தாள்ல இருந்ததால அவரால ஊகிக்க முடிஞ்சுது. நம்ம தமிழ்ச் சொல் நோட்டுல எப்படி உக்காந்துதுன்னு நாளைக்கு யாராவது ஊகிக்கணும்னா, அவங்க கையில எதை விட்டுட்டுப் போறோம்?

அச்சுக்கு முந்தி சபை இசையை எதுல எழுதினாங்க தெரியுமா? தோல்ல. கன்னுக்குட்டித் தோல், ஆட்டுத்தோல். சுண்ணாம்புல ஊறவெச்சு, முடியை வழிச்சு, சட்டத்துல இழுத்துக் கட்டிக் காயவெச்சுச் சுரண்டினா அது எழுதற தோல். நம்ம டேனரியில முதல் ரெண்டு வேலை அதேதான். அதுக்கப்புறம் குரோம் போட்டு 'வெட் ப்ளூ' ஆக்காம அவங்க அங்கயே நிறுத்திட்டாங்க. அதுல எழுதின பாட்டு ஆயிரம் வருஷம் தாண்டியும் படிக்க முடியுது. தோலைக் கெடாம வைக்கற வித்தை தெரிஞ்ச ஊருக்காரங்க நாம. பாட்டைக் கெடாம வைக்கறதுல மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

என்ன செய்யலாம்?

கமிட்டி போட வேண்டாம். பட்ஜெட் வேண்டாம். திறப்பு விழா, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

உங்க சபையில, அல்லது உங்க பாட்டி, அத்தை, பெரியம்மா பாடற சபையில, வயசுல மூத்த ஒருத்தரைப் பிடிங்க. ஒரே ஒரு பாட்டைக் கேளுங்க. எல்லாச் சரணத்தையும் பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க, முதல் சரணத்தோட நிறுத்திடாதீங்க. பிரச்சினையெல்லாம் மூணாவது சரணத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். மெட்டுப் புத்தகத்தைப் பார்த்து நாலு பார்ட்டைத் தட்டுங்க. வார்த்தையை அசை பிரிச்சு, அவங்க பாடினபடி நோட்டுக்குக் கீழ உக்காரவைங்க. எந்த ஊர், எந்த வருஷம் கேட்டு எழுதினதுன்னு ஃபைலோட மேல ஒரு வரி போடுங்க. நம்ம வசதிக்குத் திருத்தாதீங்க; அவங்க பாடினதுதான் பாடம்.

அந்த ஃபைல்லேர்ந்தே மிடி ஒலியும் கிடைக்கும். நொட்டேஷன் படிக்கத் தெரியாத புதுப் பையன் தன் பார்ட்டை மட்டும் போன்ல கேட்டுப் பழகிக்கலாம். டோ-ரே-மி எழுத்து வேணும்னா அதையும் ஒரு சின்ன நிரல்ல எடுத்துடலாம். ஒரு தடவை பேட்டர்ன் வெட்டிட்டா போதும், அப்புறம் எத்தனை ஜோடி வேணும்னாலும் தைக்கலாம்.

அசை பிரிக்கற நிரலையும், நான் இதுவரை தட்டின 14 பாட்டையும் கேக்கறவங்களுக்குத் தர்றேன். லில்லிபாண்ட் நிறுவறதுல சந்தேகம் இருந்தா பின்னூட்டத்துல கேளுங்க. திட்டறதா இருந்தாலும் அங்கயே திட்டுங்க, ஆனா ஒரு பாட்டாவது தட்டிப் பார்த்துட்டு வந்து திட்டுங்க. டெனர் பார்ட்டைத் தப்பாத் தட்டினா மட்டும் மன்னிக்க மாட்டேன்.